இருபது ஆண்டுக் கூரை

அறுபத்தெட்டு வயது வரை கூரையில் விழும் வெயிலை ஒரு தொந்தரவாக மட்டுமே பார்த்து வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சோலார் பேனல் போட்ட வாரத்திலிருந்து, எனக்குச் சேர வேண்டியதை யாரோ தினமும் அள்ளிக்கொண்டு போவதுபோல் இருந்தது. காலை பத்து மணிக்கு வாசலில் நின்று ஓடுகளை அண்ணாந்து பார்ப்பேன். முன்சரிவில் எப்போது வெயில் ஏறுகிறது, பின்சரிவில் பக்கத்து மரத்தின் நிழல் எத்தனை மணிக்கு விழுகிறது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இத்தனை ஆசையாக நான் எதையும் குறித்ததில்லை.

நான் பார்த்த வேலையே அப்படிப்பட்டது. நாற்காலியிலிருந்து நடைபாலம் வரை அரசாங்கம் எதை வாங்கினாலும், வந்த டெண்டர்களைப் பிரித்து, அட்டவணை போட்டு, மதிப்பெண் கொடுத்து, யாருக்குக் கொடுக்கலாம் என்று எழுதித் தருவேன். வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்காக வாங்கியவளுக்குச் சொந்தக் கூரைக்கு ஒன்று வாங்கும் வாய்ப்பு வந்தால் தூக்கம் வருமா?

கூரை முழுவதும் என்னுடையது என்று சொல்ல முடியாது. இந்தத் தரைவீடு அப்பாவுக்குப் பிறகு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. எனக்குப் பாதி, அக்காவுக்குப் பாதி. அக்காவுக்கு எழுபத்துநான்கு வயது. பெரிய மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்தவள். அத்தான் காலமான பிறகு இங்கே வந்து எட்டு வருடமாகிறது. என் கல்யாண ஃபைல் திறந்த வேகத்திலேயே மூடப்பட்டுவிட்டதால், இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அந்த இரண்டு ஒன்றாகிவிடுமோ என்ற பயம் மூன்று மாதமாக எனக்கு இருந்தது. அக்கா மகன் தெம்பனிஸில் பெரிய ஃப்ளாட்டாக வாங்கியிருந்தான். அம்மாவுக்கென்று ஓர் அறைக்கு வெளிர்நீலச் சாயம் அடித்து, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் வைத்துவிட்டான். நல்ல பிள்ளை, அவன்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் எனக்கிருந்த சிக்கல். அக்கா போனால் வீட்டை விற்க வேண்டியதுதான். அவள் பாதியை வாங்க என்னால் முடியாது. முடிந்தாலும் இத்தனை அறைகளில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வேன்? அக்கா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் சோலார் கம்பெனிக்காரர் வந்தார். முப்பது வயதைத் தாண்டியவர், நம்மவர், கழுத்தில் தொங்கும் அட்டையில் சிரித்தபடி இருந்தார். கூரையைப் படமெடுக்க ட்ரோன் கொண்டுவந்திருந்தார். விமானத்தளம் பக்கத்தில் இருக்கிறதே, இங்கே பறக்கவிட அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டேன். ட்ரோனைப் பையில் திரும்பப் போட்டுவிட்டு, வீட்டில் ஏணி இருக்கிறதா என்று கேட்டார். அதிலிருந்து எங்களுக்குள் நல்ல மரியாதை ஏற்பட்டது.

இரண்டு வழிகள் இருப்பதாக அவர் விளக்கினார். மொத்தமாக வாங்கினால் பேனல், இன்வெர்ட்டர், ஆணி, கம்பி எல்லாம் நமக்குச் சொந்தம். பழுது வந்தால் அதுவும் நமக்குச் சொந்தம். குத்தகைக்கு எடுத்தால் முன்பணம் கிடையாது. கம்பெனியே பொருத்தும், கழுவும், பார்த்துக்கொள்ளும். நாம் மாதாமாதம் கட்டினால் போதும், இருபது வருடத்துக்கு.

"லீஸ் எடுத்தா நோ ஹெட்ஏக் லா, ஆன்ட்டி," என்றார்.

ஒப்பந்தத்தின் மாதிரிப்படி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அன்று மதியமே உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். பின்னிணைப்பு என்று மூன்று இடத்தில் சொல்லியிருந்தார்கள், பின்னிணைப்பைக் காணோம். பதினோராம் பிரிவுக்கு அடுத்து பதின்மூன்று வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்ததும் பத்து வயது குறைந்ததுபோல் இருந்தது. பதினான்காம் பிரிவுக்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். குத்தகைக் காலத்தில் வீட்டை விற்க நேர்ந்தால், வாங்குபவர் மீதிக் காலத்தை ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்திட வேண்டும், கம்பெனியும் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டுத்தான் விற்க முடியும் என்று இருந்தது.

அதாவது, விற்க முடியாது என்று இல்லை. விற்பது ஒரு தொல்லை, அவ்வளவுதான். வேலையில் இருந்தவரை நான் பார்த்தது ஒன்று உண்டு: மனிதர்கள் தடை வந்தால் சண்டை போடுவார்கள், தொல்லை வந்தால் சும்மா இருந்துவிடுவார்கள். அக்கா மகன் பிஸியான ஆள்.

இதைச் சொல்ல இப்போதும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அன்று ஓர் அட்டவணை தயாரித்தேன். பராமரிப்பு, பழுது, முன்பணம், கூரை ஒழுகல் பொறுப்பு, முதியவர்களுக்கு ஏற்றதா என்று ஐந்து வரிசைகள். பராமரிப்புக்கு மட்டும் நூற்றில் நாற்பது மதிப்பெண். இப்படி எடை போட்டால் குத்தகைதான் ஜெயிக்கும் என்பது, முடிவை முதலில் எழுதிவிட்டு அட்டவணையைப் பிறகு போடுகிற எல்லோருக்கும் தெரியும். இந்தக் காரியத்துக்காக ஒரு காலத்தில் இரண்டு அதிகாரிகளைப் பற்றி நானே மேலிடத்துக்குப் புகார் எழுதியிருக்கிறேன். வீட்டை விற்பது பற்றி வரிசை எதுவும் போடவில்லை.

அக்காவிடம் கொடுத்தேன். குத்தகைக்கு இரண்டு உரிமையாளர்களும் கையெழுத்திட வேண்டும், எல்லாம் நான் பார்த்துவிட்டேன், ஒப்பந்தமும் கூடவே இருக்கிறது, வேண்டுமானால் புரட்டிப் பார் என்றேன். அவள் கண்ணாடியைத் தேடினாள், கிடைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று இரண்டையும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அக்கா எந்தப் படிவத்தையும் படித்து நான் பார்த்ததில்லை. வருமான வரிகூட நான்தான் அனுப்புவேன்.

ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும் தேக்காவில் ஒரு கடையில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுவது எங்கள் வழக்கம். அன்று கூட்டம் கடைக்கு வெளியே ஐந்தடி நடைபாதை வரை நின்றது. இடம் கிடைத்து உட்கார்ந்ததும், மீன் குழம்பு வருவதற்கு முன், தண்ணீர்க் குவளையைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு அக்கா கைப்பையிலிருந்து அட்டவணையை எடுத்து விரித்தாள். ஓரமெல்லாம் பென்சில் கோடுகள்.

வார்டில் ஆபரேஷனுக்கு முன் சம்மதப் படிவம் வாங்குவது தன் வேலையாக இருந்தது என்று ஆரம்பித்தாள். நோயாளிக்கு எதைச் சொல்லவில்லை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம். இளம் டாக்டர்கள் நல்லதையெல்லாம் பெரிதாக எழுதி, ஒரு ரிஸ்கை மட்டும் விட்டுவிடுவார்களாம். கெட்ட எண்ணம் இல்லை, ஆபரேஷன் செய்ய ஆசை, அவ்வளவுதான் என்றாள். நான் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தேன்.

"இதுல வீட்ட வித்தா என்ன ஆகும்னு வரிசையே இல்லையேடி. பதினாலாம் பக்கத்துல இருக்கு."

பதினாலாம் பிரிவு என்று திருத்த வாயெடுத்தேன். நல்லவேளை, எடுத்த வாயில் அப்பளத்தைப் போட்டுக்கொண்டேன்.

"மறந்துட்டேன்," என்றேன்.

"நீயா?"

பரிமாறுபவர் வந்து இரண்டு பேருக்கும் குழம்பு ஊற்றிவிட்டுப் போனார். அக்கா மீனின் நடுமுள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்; கோபக் கடிதங்களுக்குப் பதில் எழுதித்தான் எனக்குப் பழக்கம்.

"நான் இருக்கணும்னா என்னைக் கேளுடி. கூரைகிட்ட கேக்காத."

அமைச்சுகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஒப்பந்தக்காரர்களை நடுங்க வைத்திருக்கிறேன். 'இருப்பியா' என்று ஐந்து எழுத்துள்ள ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு ரசம் வரும்வரை ஆயிற்று. ரசத்தைக் குடித்துவிட்டு, இலையைப் பார்த்தபடி, "இங்கயே இரேன் அக்கா," என்றேன். அது கேள்வியாகக்கூட வரவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றாள். பிறகு, பேனலை வாங்கியே விடு, என் பங்கை நான் போடுகிறேன் என்றாள். விற்றாலும் அது வீட்டோடு போகும், யாரிடமும் கெஞ்ச வேண்டாம். இருந்தாலும் நமக்குத்தான். இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிற வழி அது ஒன்றுதான் என்பது எனக்கும் முதல் நாளே தெரியும்.

கம்பெனிக்காரர் சோர்ந்துபோவார் என்று நினைத்தேன். விற்பனை விற்பனைதானே, சிரித்தார். அதற்குப் பிறகு வந்த வாரங்களில் என் கால் தரையில் நிற்கவில்லை. வாங்குவது என்றால் எல்லாப் படிவமும் நமக்கு. மின்சார உரிமம் உள்ளவரின் கையெழுத்து, புதிய மீட்டருக்கு விண்ணப்பம், மிஞ்சும் மின்சாரத்தைத் திருப்பி விற்க இன்னொரு விண்ணப்பம். இடிதாங்கி பற்றி நான் அனுப்பிய கேள்விக்குக் கம்பெனியின் பொறியாளரே நேரில் வந்து பதில் சொன்னார். பொருத்தும் நாளில் நான் விடிந்ததும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கொக்கி மாட்டி, திரும்ப வைத்தார்கள். கறுத்த பேனல்கள் ஒவ்வொன்றாக ஏறியபோது கைதட்ட வேண்டும்போல் இருந்தது. இரண்டு ஓடு உடைந்ததைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு கைதட்டினேன். அன்று மாலையே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

அக்கா மட்டும் பதில் சொல்லவில்லை. நானும் நினைவூட்டவில்லை. அது என் சுபாவத்துக்கு எதிரானது என்று பதிவு செய்துகொள்கிறேன்.

மீட்டர் மாற்றி, மின்சாரம் ஓடத் தொடங்கிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அக்கா மகன் வந்திருந்தான். நேரம் நண்பகல். சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது, ஓவனில் கேக் வெந்துகொண்டிருந்தது, அக்கா ஒரு குவியல் துணியை அயர்ன் செய்துகொண்டிருந்தாள். கைபேசியில் பார்த்தேன்: இத்தனைக்கும் கொடுத்த பிறகும் கூரை இன்னும் வெளியே மின்சாரம் அனுப்பிக்கொண்டிருந்தது. ஊருக்கே விருந்து வைத்ததுபோல் எனக்கு நிலைகொள்ளவில்லை.

மகன் அறையைப் பற்றி மெதுவாகக் கேட்டான். திரைச்சீலை மட்டும்தான் பாக்கி, அம்மா வந்து நிறம் சொன்னால் போதும் என்றான். அக்கா சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு ஒரு முறை இழுத்தாள்.

"அந்த ரூம உன் பொண்ணுக்குக் கொடுப்பா. எனக்கு இங்க பகல்ல டியூட்டி இருக்கு."

அவன் என்னைப் பார்த்தான். நான் எதுவும் செய்யவில்லை என்று சத்தியம் செய்வதற்கு முன், அக்கா குளிர்பதனப் பெட்டியின் கதவைக் காட்டினாள். வார்டில் மாட்டும் சார்ட் மாதிரியே ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே வெயில் இருக்கும் மணிகள், பக்கத்தில் சலவை, ஓவன், அயர்ன், தண்ணீர் ஹீட்டர். கடைசியில் யார் போட்டது என்று கையெழுத்துப் பத்தி. அவள் எப்போது எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருட டிசம்பர் வரை கட்டம் போட்டு, தாள்களைப் பின்னால் செருகி வைத்திருந்தாள். மகன் கொஞ்ச நேரம் அதைப் படித்தான். பிறகு, அப்படியென்றால் வாரம் ஒரு நாள் நாங்கள் துணியைக் கொண்டுவரலாமா சித்தி என்று என்னிடம் கேட்டான். விண்ணப்பம் எழுதிக் கொடு, பார்க்கலாம் என்றேன்.

அவன் போன பிறகு நான் சார்ட்டைச் சரிபார்த்தேன். ஒரு தவறு இருந்தது. மாலை நாலு மணிக்கு அயர்ன் என்று இருந்தது. மூன்றரைக்கே பக்கத்து மரத்தின் நிழல் பின்சரிவில் விழுந்துவிடும். நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன்.

அக்கா அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பென்சிலை நீட்டினாள். "நீயே மாத்து," என்றாள். "கையெழுத்துப் போட மறந்துடாத."