ஒரு வீட்டுக்கு ஒரு மெயில் ஐடி

எனக்கு எப்போதும் அவசரப் புத்தி. பிளஸ் டூ முடித்த லீவில் அப்பா மஸ்கட்டிலிருந்து வந்திருந்தார். அவர் வாங்கிய புதுப் போன் மெயில் ஐடி கேட்டது. அவருக்கு ஐடி கிடையாது, எனக்கு இருந்தது. வீட்டுக்கு ஒரு ரேஷன் கார்டு, ஒரு கேஸ் புத்தகம். மெயில் ஐடி மட்டும் ஆளுக்கொன்று எதற்கு என்று என்னுடையதையே போட்டுக் கொடுத்துவிட்டேன். பாஸ்வேர்டைத் தட்டியதும் போன் நச்சரிப்பை நிறுத்தியது. அப்பா அதை எடுத்துக்கொண்டு ஏசி ரிப்பேர் வேலைக்குத் திரும்பிப் போனார். நான் புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தேன். கீரமங்கலத்திலிருந்து தினமும் பஸ்.

இரண்டாம் ஆண்டில் ஒரு செமினார். தலைப்பு, பிரவுசர் எப்படி வேலை செய்கிறது. லேப் கம்ப்யூட்டரில் என் ஐடியைப் போட்டு, வகுப்பு முழுக்கப் பார்க்கிற திரையில், தேடல் பெட்டியைத் தொட்டேன். முன்பு தேடியவை எல்லாம் வரிசையாகக் கீழே இறங்கின.

‘கத்திரிக்காய் புளிக்குழம்பு கெட்டியாக வர.’ ‘சப்பாத்தி கல்லு மாதிரி வருது.’ ‘கீரமங்கலம் மழை.’ ‘மல்லிகைப்பூ விலை இன்று.’

வகுப்பே சிரித்தது. “என்னம்மா, வீட்டுல சமையல் நீதானா?” என்றார் மேடம். எனக்கு வேர்த்துக் கொட்டியது. இதில் ஒன்றுகூட நான் தேடியதில்லை. என் போனில் அவசரமாகத் தட்டுவேனே தவிர, கீழே என்ன இறங்குகிறது என்று பார்த்ததே இல்லை. இடத்துக்கு வந்ததும், யாரோ என் ஐடியை ஹேக் செய்துவிட்டார்கள் என்று பக்கத்தில் இருந்த தோழியிடம் முணுமுணுத்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏன்டி, ஹேக்கருக்கு எதுக்குடி கீரமங்கலத்து மழ?”

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மஸ்கட்டில் சமைப்பது அப்பா. பூ விலை பார்ப்பதும் அவர்தான், ஊரில் அம்மா பூந்தோட்டத்தை நம்பி இருக்கிறார் இல்லையா.

அன்றிலிருந்து பஸ்ஸில் எனக்கு வேறு பொழுதுபோக்கே தேவைப்படவில்லை. மஸ்கட்டில் லீவு நாளான வெள்ளிக்கிழமையில் போன் பேசும்போது அப்பா எப்போதும் சொல்வது ஒன்றுதான்: “எனக்கென்னத்தா, ராசா மாதிரி இருக்கேன்.” ராசா அந்த வாரம் கழுத்து வலிக்கு என்ன செய்வது என்று மூன்று தடவை தேடியிருந்தார்.

“அப்பா, கொஞ்ச நாளைக்குத் தலையண இல்லாமப் படுங்க.”

“யாருத்தா சொன்னா?”

“சும்மா தோணுச்சுப்பா.”

எனக்கு ஏதோ சக்தி வந்துவிட்ட மாதிரி ஒரே பெருமை. பிரவுசரைப் பற்றிச் செமினார் எடுத்தவளுக்கு, அவர் தேடுவது எனக்குத் தெரிந்தால் நான் தேடுவதும் அவருக்குத் தெரியுமே என்று உறைக்க மூன்று வாரம் ஆனது.

முதல் வருடம் புள்ளியியலில் நான் பெயில், ஒரு அரியர். வீட்டில் எல்லாவற்றிலும் பாஸ் என்று சொல்லியிருந்தேன். அப்பா அதை மஸ்கட்டில் தன்னோடு அறையில் தங்கியிருக்கும் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்தவர். அந்தப் பொய் உடைந்தால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயத்தில் பஸ்ஸில் பழைய தேடல்களைத் தோண்டினேன்.

நான்கு மாதத்துக்கு முன்னால் நான் தேடியது அப்படியே இருந்தது: ‘அப்பாவிடம் அரியர் பற்றிச் சொல்வது எப்படி.’ அதே நாளில், அதற்கு அடுத்து, நான் தேடாதது ஒன்று: ‘அரியர் என்றால் என்ன.’ மறுநாள், ‘அரியர் வந்தால் டிகிரி போயிடுமா.’ அந்த வெள்ளிக்கிழமை காலையில், ‘காலேஜ் படிக்கும் பிள்ளையைத் திட்டலாமா.’

அன்று போனில் அவர் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “படிப்பெல்லாம் எப்படித்தா போகுது?” “சூப்பர்ப்பா” என்றேன். அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நான்கு மாதமாக நானே சொல்லட்டும் என்று இருந்திருக்கிறார். பஸ்ஸில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. நேராகப் பேசத் தைரியம் வரவில்லை. தேடல் பெட்டியில் தட்டினேன்: ‘அப்பா நான் புள்ளியியலில் பெயில் பொய் சொல்லிட்டேன்.’

அது எங்கெங்கோ தேடி, புள்ளியியல் டியூஷன் விளம்பரங்களைக் கொண்டுவந்து கொட்டியது. மறுநாள் காலை பஸ் ஏறியதும் பெட்டியைத் தொட்டேன். முதல் வரியில் இருந்தது: ‘தெரியும்த்தா அடுத்த தடவ பாத்துக்கலாம் சாப்டியா.’

சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை அப்பா போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒங்கம்மாவுக்கு நீயே சொல்லிரு. அதுல என்னைய இழுக்காத.” சொன்னேன், அம்மா கட்டிக்கொண்டிருந்த பூச்சரத்தாலேயே என் முதுகில் ஒன்று போட்டார். அத்தோடு விட்டார்.

அப்பாவுக்குத் தனி ஐடி போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். “எதுக்குத்தா, இதே இருக்கட்டும்” என்றார். அரியர் பரீட்சைக்கு முன்னால் ஹால் டிக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். சாமி படத்துக்கு முன்னால் வைக்கவாம்.

ரிசல்ட் வந்த அன்று புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள் போலிருக்கிறது, பக்கம் திறக்கவே இல்லை. அந்த வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது. வேறு லிங்க் கிடைக்குமா என்று தேடல் பெட்டியைத் தொட்டேன். எனக்கு முன்னாலேயே யாரோ அங்கே போயிருந்தார்கள். ஒரு வரியில் ஹால் டிக்கெட்டில் இருந்த என் ரெஜிஸ்டர் நம்பர், முழுதாக. அதற்கு மேலே, ஒரு நிமிடத்துக்கு முன்னால் தட்டியது:

‘மகள் பாஸ் என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பது எப்படி.’