செவன்த்தில் நின்ற விரல்கள்

குத்துச்சண்டைக் கூடத்தில் எல்லோரும் அவளைப் பெட்டிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ரிங்கை ஒட்டி ஒரு சின்ன மேடை, மேலே ஒரு கீபோர்டு, பின்னால் அவள். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே ஜனங்களுக்கு அலுப்புத் தட்டாமல் வாசிப்பது வேலை. மணி அடிக்கப் போகிறது என்றால் ஜி செவன்த் என்ற கார்டை, பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டை, பிடித்து நிறுத்திவிடுவாள். அதில் பி என்றொரு ஸ்வரம், எஃப் என்றொரு ஸ்வரம். ஒரே அறையில் அடைபட்ட பங்காளிகள். ஒன்று அரைப் படி ஏறி சி-யில் உட்காரத் துடிக்கும், மற்றது அரைப் படி இறங்கி ஈ-க்குப் போகத் துடிக்கும். போகவிடாமல் பிடித்துவைத்தால் கேட்பவனுக்கு இருப்புக் கொள்ளாது. மணி அடித்ததும் சி கார்டில் இறக்கிவிடுவாள். கூட்டம் மூச்சு விடும், அடிதடி தொடங்கும்.

"ஜனங்களுக்குப் பல்லு கூசணும், அப்புறம்தான் விடணும்" என்பார் முதலாளி. சங்கீதத்தில் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் தப்பில்லை.

அவள் இதைப் பழகியது வீட்டில். அப்பா லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். மனுஷக் கணக்கில் சேர்க்கக் கூடாத ஆள். குடித்துவிட்டு வந்து, செத்துப்போன அம்மாவின் பியானோ முன்னால் அவளை உட்காரவைப்பார். கையில் பெல்ட். வாசிப்பு நின்றால் முதுகில் விழும். "இன்னும் வேணுமா?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்பார். அடுத்த அறையில் கட்டிலுக்கு அடியில் தம்பி சுருண்டு கிடப்பான். அப்பா விழித்திருக்கும்வரை அவள் செவன்த்தையே சுற்றிச் சுற்றி வருவாள். குறட்டை கேட்டபின் சி-யில் இறங்குவாள். அதைக் கேட்டுத் தம்பி வெளியே வருவான். இப்படித்தான் இரண்டு பேரும் வளர்ந்தார்கள். அவளுடைய சுண்டுவிரல் கோணலாக இருக்கும். கேட்டால் கதவு நசுக்கியது என்பாள்.

தலைமுடியால் சுருட்டை என்று பேர் வாங்கிய அந்தத் தம்பிதான் இப்போது ரிங்கில் இறங்குகிறான். நல்ல கை அவனுக்கு. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் முதல் குத்து அவன் முகத்தில்தான் விழும். இடது கண் ஏற்கெனவே பாதி போய்விட்டது. இன்னொரு அடி பட்டால் முழுசாகப் போய்விடும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

போன சண்டையில்தான் அவள் அதைக் கண்டுபிடித்தாள். சி கார்டு ஒலித்ததும் தம்பியின் தோள் தளர்ந்தது, முகத்துக்கு முன்னாலிருந்த கைகள் இறங்கின. கட்டிலடியிலிருந்து வெளியே வருகிற அதே பையன். இத்தனை சண்டையும் இவள்தான் அவனை அடி வாங்கவைத்திருக்கிறாள்.

இன்றைக்கு எதிராளி ஒரு மரக்கடைக்காரன். மணி அடித்தது. அவள் சி-யில் இறங்கவே இல்லை. செவன்த்தை அப்படியே அந்தரத்தில் விட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

சுருட்டையின் கைகள் இறங்கவில்லை. மரக்கடைக்காரனைப் பின்னி எடுத்துவிட்டான். அடுத்த சுற்றிலும் அவள் அப்படியே செய்தாள். இம்முறை எதிராளியின் மூக்கு உடைந்து ரத்தம் முதல் வரிசைவரை தெறித்தது. மரக்கடைக்காரன் முழங்காலிட்டான். நடுவர் குறுக்கே வந்தார். சுருட்டை அவரைத் தள்ளிவிட்டு, விழுந்தவன் முகத்திலேயே குத்தினான். பல் தெறித்தது. தடுக்கக் கயிற்றைத் தாண்டி உள்ளே போன ரெண்டு பேரும் முழங்கை இடி வாங்கிச் சரிந்தார்கள். கூட்டம் கத்துவதை நிறுத்திவிட்டது. அந்த அமைதியில் தம்பியின் குரல் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"இன்னும் வேணுமா?"

குத்து. "இன்னும் வேணுமா?"

அப்பாவின் அதே கேள்வி. இறக்கினால் அவன் கை விழும், கண் போகும். இறக்காவிட்டால் கீழே கிடப்பவன் செத்துப்போவான். விரல்களை விரித்து செவன்த்தை ஒருமுறை அழுத்தி, சி-யில் இறக்கினாள்.

சுருட்டையின் கைகள் தொங்கிவிட்டன. எதையோ தேடுகிறவன் போல மேடைப் பக்கம் திரும்பினான். கீழே கிடந்த மரக்கடைக்காரன் ரத்தத்தில் கண் தெரியாமல் எழும்பி, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து வீசிய கை சுருட்டையின் இடது கண்ணில் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் அவன் கண் விழித்தபோது பாதி முகம் கட்டுக்குள் இருந்தது.

"அந்த ஆளு?"

"மூச்சு இருக்கு. பொழைச்சுக்குவான்."

"நீதானே வாசிச்சே?"

"ஆமாடா."

"கண்ணு போகும்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். நீ அப்பா மாதிரி கேட்டுக்கிட்டு இருந்தேடா."

அவன் கண் கட்டைத் தொட்டுப் பார்த்தான். பிறகு கேட்டான்: "அப்போ அப்பாவுக்கு ஏன்க்கா இப்படி வாசிக்கலை? அடிக்கும்போதே இறக்கியிருந்தா நிறுத்தியிருப்பாரே?"

அவள் கோணல் விரலை அவன் நல்ல கண்ணுக்கு முன்னால் நீட்டினாள்.

"ஒரு நாள் இறக்கிப் பார்த்தேன்டா. அவரு காதுல விழலை, விரலைத்தான் ஒடிச்சாரு. இன்னைக்கு உன் காதுல விழுந்துச்சு."

அவன் அந்த விரலைப் பிடித்துக்கொண்டான்.