காய்ச்சல் விட்டபின் வந்த புள்ளிகள்

ஐந்தாவதோடு படிப்பை விட்டு, சொந்தமாய் லாரிப் பட்டறை வைத்தவன் நான். என்னையே அசத்தியவர், இருபது வருஷமாகக் குழந்தைகளைத் தொட்டே நோய் அறியும் எங்கள் தெரு கிளினிக் நர்சம்மா.

மூன்று நாளாக அனலாய்க் கொதித்த பத்து மாதப் பேத்தியைக் கம்பளியில் சுற்றித் தூக்கிப் போனேன்.

"சூடேறின இன்ஜினையும் இப்படித்தான் போர்த்துவீங்களா, பெரியவரே?" என்று கம்பளியை உருவி, பேத்தியைத் தொட்டுப் பார்த்தார் நர்சம்மா. டாக்டர் பார்த்து மருந்து எழுதியதும், "பாலும் தண்ணியும் விடாம குடுங்க. காய்ச்சல் விட்டதும் நெஞ்சுல, முதுகுல செம்புள்ளி வரும், அழுத்தினா வெளுக்கும், பயப்படாதீங்க. குடிக்கலைன்னாலோ வலிப்பு வந்தாலோ உடனே ஓடி வாங்க" என்றார் நர்சம்மா.

மறுநாள் காலை உடம்பு குளிர்ந்தது, புள்ளிகள் பூத்தன.

"மாமா, என்ன இது?" என்று மருமகள் அலறினாள்.

ஒரு புள்ளியை அழுத்தினேன். வெளுத்து, மறுபடி சிவந்தது. பேத்தி சிரித்தாள். "நர்சம்மா நேத்தே சொன்னாங்கம்மா" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, எவனையும் கும்பிடாத நான் கிளினிக் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.