தம்பி இருந்த இடம்

ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்ட கடைக்காரருக்குப் பழங்காசுப் பைத்தியம். ரோமாபுரி ஆண்ட காலத்தில் கிரேக்க ஊர்கள் தங்களுக்கென்று அடித்துக்கொண்ட வெண்கலக் காசுகள்தான் வேண்டும். பொன்னைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். "செல்லாக் காசைச் சேர்க்கிற செல்லாக் காசு" என்பாள் மனைவி. முப்பது வருடத்துச் சேகரிப்பு, லென்ஸ் இழுப்பறைகளில் ஊர்வாரியாகக் காகித உறைக்குள் கிடந்தது.

அதில் ஒன்றை மட்டும் கண் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். எதிரெதிரே இரண்டு தலைகள். ஒன்றை உளியால் வழித்துவிட்டிருந்தார்கள்.

"அண்ணனும் தம்பியும் சேர்ந்து அரசாண்டவங்க. அண்ணன் தம்பியைக் கொன்னுட்டு, காசுல இருக்கிற மூஞ்சியையும் அழிக்கச் சொல்லிட்டான். பாவி!"

தனக்கும் ஒரு தம்பி உண்டு என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் அவன் எட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் வந்து நின்றவனை வாசலோடு அனுப்பினார். பத்தொன்பது வருடம் ஆயிற்று. நீரடித்து நீர் விலகாது என்பார்கள். இங்கே விலகித்தான் போயிற்று.

போன வாரம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். கண் பார்க்க வந்தவள் என்று நினைத்து நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"பெரியப்பா, நான் உங்க தம்பி பொண்ணு. அப்பா போயிட்டாரு. இருபது நாளாச்சு."

அந்த நாற்காலியில் அவரே உட்கார்ந்துவிட்டார். தானாடாவிட்டாலும் சதை ஆடியது.

"பாட்டியோட நீங்க ரெண்டு பேரும் எடுத்த படம் உங்ககிட்ட இருக்காமே. அதுல அப்பா வாய்விட்டுச் சிரிப்பாராம். அவர் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல பெரியப்பா. ஒரு தடவை பார்த்துட்டுக் குடுத்துடறேன்."

படம் அடி இழுப்பறையில் இருந்தது. அம்மா நடுவில் நின்றதால் கிழித்துப்போட மனம் வராமல் வைத்திருந்தது. எடுத்து நீட்டினார். தம்பியின் கழுத்துக்கு மேலே, லென்ஸ் வெட்டும் நேர்த்தியோடு, வட்டமாக ஓர் ஓட்டை.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "எலி கடிச்சிருக்கும், இல்லையா பெரியப்பா?"

தலையாட்டினால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். மேஜை மேல் அந்தக் காசு கிடந்தது.

"இல்லம்மா. நான்தான் வெட்டினேன்."

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். "சரி. எப்படிச் சிரிச்சாருன்னு நீங்களாவது சொல்லுங்க" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டார். அம்மா வந்தாள். தம்பியின் கோடுபோட்ட சட்டை வந்தது, மேல் பட்டன் இல்லாத காலர் வந்தது. அதற்கு மேலே அந்த ஓட்டைதான் வந்தது.

"ஞாபகம் வரலியேம்மா" என்று அழுதார்.