ராத்திரிக் கஞ்சியும் தனிப் பாயும்

உனக்கு எதுக்குடி இதெல்லாம்? ஒரு கெழவி ராத்திரி எத்தன வாட்டி மூத்திரம் போனான்னு கேட்டுத் தெரிஞ்சு என்ன பண்ணப் போற? வெக்கங்கெட்டவளே! சரி, உனக்கும் சர்க்கரைன்னு சொல்றதால சொல்றேன். உக்காரு.

சர்க்கரை எனக்குப் பழைய சொந்தக்காரி. மாத்திரை போட்டுக்கிட்டுதான் இருந்தேன். புதுசா வந்தது அசதி. காலு ரெண்டும் நனைஞ்ச சாக்கு மாதிரி கனக்கும். ஒரு நாள் மத்தி நறுக்க உக்காந்தேன். கண்ணைத் திறந்தா கத்தி என் கையில இருக்கு, மீனு பூனை வாயில இருக்கு. வயசாச்சுன்னு விட்டுட்டேன்.

பகல்லதான் இந்தத் தூக்கம். ராத்திரி படுத்தா தாகம். தண்ணி குடிச்சா மூத்திரம். வந்து படுத்தா மறுபடியும் தாகம்.

எங்க வீட்டுக்காரரு எர்ணாகுளம் பிராட்வேல துணிக்கடையில நிக்கிறாரு. காலையில படகு புடிச்சு அக்கரைக்குப் போகணும். ஒரு நாள் பாயையும் தலகாணியையும் சுருட்டிக்கிட்டு முன்னறைக்குப் போயிட்டாரு.

"என்னங்க, கோபமா?"

"கோபம் என்ன புள்ள? உன் பக்கத்துல படுத்தா படகுத்துறையில படுத்த மாதிரி இருக்கு. ஆளு வருது, ஆளு போவுது."

சிரிச்சேன். அப்புறம் சுவத்தைப் பாத்துப் படுத்தேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அவரு குறட்டையத் திட்டிக்கிட்டே தூங்கினவ நான். இப்ப யாரைத் திட்டுறது? பக்கத்து வீட்டு மேரி ஜன்னல் வழியா அந்தப் பாயைப் பாத்துட்டா. சந்து முழுக்க எங்களுக்குச் சண்டைன்னு ஆயிடுச்சு. சண்டைன்னா பரவாயில்ல, தீந்துடும். இந்த வயசுல பிரிஞ்ச பாயி திரும்பச் சேராமலே போயிடுமோன்னுதான் எனக்குப் பயம்.

அந்தப் பயத்துலதான் டாக்டர்கிட்டப் போனேன். சின்னப் பொண்ணு, மலையாளி. அம்மான்னு சொல்றதுக்கு எங்க வழக்கப்படி உம்மான்னு கூப்பிடுவா. ஏ ஒன் சி (மூணு மாசமா ரத்தத்துல சர்க்கரை எப்படி இருந்துச்சுன்னு சொல்ற பரிசோதனை) பாத்துட்டு மூஞ்சியச் சுளிச்சா.

"உம்மா, ராத்திரி எந்தா ஆஹாரம்?"

"சோறே தொடறதில்ல மோளே. கஞ்சிதான். நோயாளிக்கு வேற என்ன?"

"எப்போ?"

"அவரு வந்தப்புறம். புருஷன் வராம எப்படித் திங்கிறது?"

பேனாவைக் கீழ வெச்சுட்டா. "கஞ்சியும் சோறு தன்னே உம்மா. குளிச்சுட்டு வந்த சோறு, அவ்வளவுதான்."

அப்புறம் பொறுமையா சொன்னா. மத்தியானம் சோத்துக்குப் பயந்து அரை வயிறு. சாயங்காலம் பசிக்கு சாயாவும் பழம்பொரியும் (நேந்திரம்பழ பஜ்ஜி). அவரு கடை சாத்தி வர்றப்ப பசி தலைக்கேறி ரெண்டு கிண்ணம் கஞ்சி. கை ஈரம் காயறதுக்குள்ள படுக்கை. ரத்தத்துல ஏறுன சர்க்கரையைக் கிட்னி தண்ணியோட சேத்து வெளிய தள்ளுது. அதான் மூத்திரம், அதான் தாகம். தூக்கம் கெட்டா மறுநாள் அசதி. அசதியில உடம்பு இனிப்பு கேக்கும். குடுத்தா ராத்திரி மறுபடி இதே கூத்து.

மாத்திரையைக் கொஞ்சம் மாத்தி எழுதினா. மத்தியானம் ஒழுங்கா திங்கணும். ராத்திரி சீக்கிரமா, கொஞ்சம் சோறு, மீனு, நிறைய தோரன் (தேங்கா போட்ட காய்ப் பொரியல்).

சீக்கிரமான்னா அவரு இல்லாம. பாயில அவரு கூட வேணும்னா, சாப்பாட்டுல அவரை விடணும். எப்படி இருக்கு கணக்கு?

வீட்டுக்காரரு முறுக்கிக்கிட்டாரு. "இத்தன வருசம் ஒண்ணா தின்னுட்டு, இப்ப எனக்கு மூடி வெச்ச சோறா? டாக்டரம்மா எனக்கும் சேத்துப் பத்தியம் எழுதிட்டாளா?"

மொத நாள் மக்ரிப் (அந்தி நேரத் தொழுகை) முடிச்சுட்டுத் தனியா உக்காந்தேன். என் வீட்டுச் சோத்தை நானே திருடித் தின்ன மாதிரி இருந்துச்சு. அவரு வந்ததும் வெறுங்கையோட எதுத்தாப்புல உக்காந்தேன். பப்படத்தை ரெண்டா ஒடச்சு ஒரு பாதியை என் பக்கம் நீட்டினாரு. நீட்டின கை அப்படியே நின்னுச்சு. அப்புறம் ரெண்டு பாதியையும் அவரே தின்னாரு. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. பப்படத்துக்காகன்னு வெச்சுக்கோ.

ஒரே ராத்திரியில ஒண்ணும் மாறல. மெல்ல மெல்ல எழுந்திரிக்கிறது குறைஞ்சுச்சு. ஒரு நாள் விடியக்கால பள்ளிவாசல் பாங்குச் சத்தம் வந்து என்னை எழுப்புச்சு. அதுவரைக்கும் பாங்குக்கு முன்னாடியே முழிச்சுக்கிட்டு, எப்படா சொல்லுவாங்கன்னு கெடப்பேன். ராத்திரின்னா இவ்வளவு சின்னதா!

இப்பவும் கல்யாண வீட்டு நெய்ச்சோத்தை ஒரு கை பாத்தா, அன்னைக்கு ராத்திரி பூரா நடைதான். நான் டாக்டர்கிட்டப் பொய் சொல்லுவேன், இந்த உடம்பு சொல்லாது. என் அளவை உன் உடம்புல தெச்சுப் போட்டுக்காத. உன் டாக்டரைக் கேளு.

அவரு பாயோட திரும்பி வந்தாரு. "முன்னறையில ஒரே கொசு"ன்னாரு. கொசுவத்தியை யாரு ஒளிச்சு வெச்சான்னு அவரு கேக்கல, நானும் சொல்லல.

மேரிக்குத்தான் பொறுக்கல. குழாயடியில நாலு பேரு முன்னாடி கேட்டா. "இத்தா, உங்க வீட்டு இக்கா வர்றதுக்கு முன்னாடியே தின்னு தீத்துடறீங்களாமே?"

"ஆமாடி"ன்னேன். "முன்னெல்லாம் பசியோட காத்திருந்தேன். அவரு வந்ததும் கஞ்சியைப் பாத்தேன். இப்பத் தின்னுட்டுக் காத்திருக்கேன். அவரைப் பாக்குறேன்."