சேஷு மசாய் மாரா போன கதை

டெல்லி ஆர்.கே.புரத்தில் எட்டாவது செக்டர் குவார்ட்டர்ஸில் இருந்த சேஷாத்ரிக்கு அலுவலகத்தில் செக்ஷன் ஆபீசர் வேலை. ஆனால் அவரை அந்த வட்டாரத் தமிழர்களுக்குத் தெரிந்தது வேறு காரணத்துக்காக. வருஷத்துக்கு இரண்டு தடவை, ஒரு முழு பஸ்ஸை ஏற்பாடு செய்து நாற்பது பேரை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். ஹரித்வார், பத்ரி, காசி, கயா. சமையலுக்குத் தட்சிணாமூர்த்தி, கூடவே ஒரு கேஸ் அடுப்பு, இரண்டு மூட்டை அரிசி. எண்பத்து மூன்றில் ஆரம்பித்த பழக்கம். டூர் சேஷு என்றால் மலை மந்திர் முருகன் கோயில் வாசலில் பூ விற்கிறவருக்குக்கூடத் தெரியும்.

பஸ்ஸில் அவருக்கென்று ஒரு இடம் உண்டு. டிரைவருக்குப் பக்கத்தில், பின்பக்கம் பார்த்தபடி. யாருக்குத் தலை சுற்றுகிறது, யார் இன்னும் ஏறவில்லை, எந்த மாமிக்கு வெந்நீர் வேண்டும் என்று அங்கிருந்தே கவனிப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பத்ரிக்கு ஒன்பது தடவை போயிருந்தார். நீலகண்டச் சிகரத்தில் வெயில் விழுவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அந்த நேரத்துக்கு அவர் சத்திரத்துக் குளியலறை வாசலில் வரிசையைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டாயிரத்து நான்கில் கங்கோத்ரி போய்விட்டுத் திரும்பும்போது சுபாஷிணி என்ற ஒரு டீச்சர் பஸ்ஸை நிறுத்தச் சொன்னாள். லோதி ரோடு பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் சொல்லிக் கொடுக்கிறவள், நாற்பது வயசு இருக்கும், அம்மாவுக்குத் துணையாக வந்திருந்தாள். மலைச்சரிவில் நாலு காட்டு ஆடுகள் நின்றிருந்தன. சேஷு ஐந்து நிமிஷம் கொடுத்தார். அவள் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டாள். திரும்ப ஏறினவள், ஆப்பிரிக்காவில், கென்யாவில், மசாய் மாரா என்று ஒரு காடு இருப்பதையும், வருஷா வருஷம் ஆகஸ்டு வாக்கில் லட்சக்கணக்கான வில்டபீஸ்ட் மாடுகள் புல் தேடி அங்கே ஒரு ஆற்றை நீந்தித் தாண்டுவதையும் மூச்சு விடாமல் சொன்னாள். பதினைந்து வருஷமாகப் பாடத்தில் நடத்துகிறாளாம், கண்ணால் பார்த்ததில்லையாம். எங்களையெல்லாம் ஒரு தடவை அங்கே கூட்டிக்கொண்டு போகக் கூடாதா மாமா என்று கேட்டாள். பஸ்ஸே சிரித்தது.

சேஷு சிரிக்கவில்லை. பார்க்கலாம் என்றார். மற்றவர்கள் வாயில் அந்த வார்த்தைக்கு மாட்டேன் என்று அர்த்தம். அவர் சொன்னால் ஃபைல் திறந்தாகிவிட்டது என்று அர்த்தம்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் முனிர்காவில் ஒரு சைபர் கஃபேயில் உட்கார்ந்து ஒற்றை விரலால் நைரோபிக்கு மெயில் தட்டினார். அங்கே சுற்றுலா நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தது ஒரு குஜராத்திப் பெண்மணி. தங்கள் கடிதத்தைப் பார்வையிட்டதில் கீழ்க்கண்ட விவரங்கள் தேவைப்படுகின்றன என்ற தோரணையில் இவர் எழுத, அவள் பொறுமையாகப் பதில் போட்டாள். காட்டுக்குள் இருக்கும் விடுதியில் தயிர் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்றாள். அதில் மிருக எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் சேர்ப்பார்களா என்று கேட்டார். அதற்குப் பதில் வர ஒரு வாரம் ஆயிற்று. சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்றதற்கு மட்டும் உடனே பதில் வந்தது: கூடாது. தட்சிணாமூர்த்திக்கு அது பெரிய மனக்குறை. புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கட்டிக் கொடுத்துவிட்டு, சிங்கம் நடமாடுகிற இடத்தில் அடுப்பு மூட்டுவது தனக்கும் சரிப்படாதுதான் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சேஷுவையும் அவர் மனைவி வத்சலாவையும் சேர்த்துப் பதிமூன்று பேர் தேறினார்கள். பாஸ்போர்ட் எடுக்கப் போனால், எல்லோருக்கும் பேருக்கு முன்னால் இனிஷியல்தான் இருக்கிறது, குடும்பப்பேர் இல்லை. அவரவர் அப்பா பேரை அந்தக் கட்டத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அலுவலகத்தில் வெளிநாடு போக அனுமதி, விசா, டிக்கெட் என்று ஒவ்வொன்றாக முடித்து, கடைசியாக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் வந்து நின்றார் சேஷு. கென்யா போகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டு சான்றிதழ் வைத்திருக்க வேண்டும்.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை, காலை ஏழு மணிக்கே பதிமூன்று பேரும் ஊசி போடும் மையத்தில் வரிசையில் நின்றார்கள். டாக்டர் ஒவ்வொருவரிடமும் அதே கேள்விகளை ஹிந்தியில் கேட்டுக்கொண்டு வந்தார். சேஷுவின் முறை வந்தது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். முட்டை சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாமல் போகுமா, இந்த மருந்தே முட்டையில்தான் தயாராகிறது என்றார் டாக்டர்.

வத்சலா முந்திக்கொண்டு, தங்கள் வீட்டு வாசப்படியை முட்டை தாண்டினதே இல்லை, அந்தக் கேள்விக்கே இடமில்லை என்று சொன்னாள்.

 நர்ஸ் பஞ்சைத் தேய்க்கச் சேஷுவின் கையைப் பிடித்தாள். அப்போதுதான் அவர் மடித்த சட்டைக் கையைக் கீழே இறக்கினார்.

"எனக்கு ஒத்துக்காது டாக்டர்," என்றார். "எழுபத்து நாலுல ஒரு தடவை சாப்பிட்டிருக்கேன்."

கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முன்னால். முனிர்காவில் மூன்று பேர் சேர்ந்து ஒரு அறையில் இருந்தார்கள். ஜனவரிக் குளிரில் காலையில் ஒரு தள்ளுவண்டிக்காரர் ரொட்டிக்கு நடுவில் ஆம்லெட் வைத்துச் சுடச்சுட விற்பார். கூட இருந்தவர்கள் சாப்பிட, வாசனை தாங்காமல் இவரும் ஒன்று வாங்கினார். பத்தாவது நிமிஷம் உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சுக்குத் திணறி, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இதையெல்லாம் அவர் டாக்டரைப் பார்த்துத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்த மனைவியின் பக்கம் திரும்பவில்லை.

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். இவருக்கு ஊசி கிடையாது. சான்றிதழும் கிடையாது. கென்யாவுக்குள் ஒருவேளை விட்டுவிடுவார்கள். ஆனால் திரும்பி இந்தியாவில் இறங்கினதும் ஆறு நாள் தனியாக அடைத்து வைப்பார்கள், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு கட்டடம் இருக்கிறது, அதனால் பயணத்தை விட்டுவிடுவதே மேல் என்றார்.

வத்சலா தன் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டாள். வெளியே வந்து பஸ் ஏறினார்கள்.  தௌலா குவான் ஸ்டாப் தாண்டினதும் அவள் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"இன்னும் என்னென்ன சாப்பிட்டிருக்கேள்?"

"அவ்வளவுதான்."

"இருபத்தெட்டு வருஷமா சொல்லணும்னு தோணலையா?"

நீ கேட்கவில்லையே என்று சொல்ல வாயெடுத்தவர், நிலைமை தெரிந்து சும்மா இருந்துவிட்டார்.

சேதி செக்டர் முழுக்கப் பரவியது. ஆம்லெட் அல்ல, அதை வத்சலா யாரிடமும் சொல்லவில்லை. ஏதோ அலர்ஜி என்று மட்டும். சுபாஷிணி ஓடி வந்தாள். தென்னாப்பிரிக்காவிலும் காடு இருக்கிறது, அங்கே போக இந்த ஊசி வேண்டாம், திட்டத்தையே மாற்றிவிடலாம், மற்ற எல்லோரையும் கேட்டுவிட்டேன், சம்மதம் என்றாள். சேஷு அவளுக்குக் காபி கொடுக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"அங்க மாடு ஆத்தைத் தாண்டறதாம்மா?"

"இல்லை மாமா. அது மாரால மட்டும்தான்."

"நீ கேட்டது அதைத்தானே. அப்ப அங்கதான் போறோம்."

அவருக்கு ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் எச்சரிக்கையாகச் சொன்ன ஆறு நாளை அவர் ஒரு ஏற்பாடாக எடுத்துக்கொண்டுவிட்டார். தங்க இடம் கொடுக்கிறார்கள், கூரை இருக்கிறது, எத்தனை நாள் என்பதும் தெரிகிறது. இதில் என்ன கஷ்டம்? டூருக்கு முன்னால் ஹரித்வாருக்குப் போய்ச் சத்திரத்தைப் பார்த்துவிட்டு வருவது போல, ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து அந்தக் கட்டடத்தைப் பார்க்கப் போனார். அடைபடப் போகிறவரே முன்கூட்டி இடம் பார்க்க வந்தது அங்கே அதுவரை நடந்ததில்லை. காவலாளி குழம்பிப்போய் உள்ளே இருந்த அதிகாரியைக் கூப்பிட, அவர் சிரித்துக்கொண்டே அறையைக் காட்டினார். சேஷு குழாயைத் திறந்து பார்த்தார், மெத்தையை அமுக்கிப் பார்த்தார், சாப்பாடு வெளியிலிருந்து வரலாமா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பத்ரியில் இதைவிட மோசமான இடங்களில் தங்கியாகிவிட்டது என்று வீட்டில் வந்து அறிக்கை கொடுத்தார்.

ஒன்றே ஒன்றுதான் உதைத்தது. போட்டிருந்த டிக்கெட்டில் திரும்புகிற விமானம் பம்பாயில் இறங்கியது. அங்கே இறங்கினால் அங்கேயே அடைத்துவிடுவார்கள். எல்லா டிக்கெட்டையும் வளைகுடா வழியாக நேராக டெல்லி வந்து இறங்கும்படி மாற்றினார். விடுப்பு விண்ணப்பத்தில் ஆறு நாள் கூடுதலாகக் கேட்டு, காரணம் என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினார். அவருடைய மேலதிகாரி அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். குடும்ப டாக்டர், அந்தப் பக்கம் காய்ச்சல் அபாயம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை, கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சேஷு முழுக்கைச் சட்டையும் நாலு டியூப் கொசுக் களிம்பும் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஆகஸ்டில் போனார்கள். நைரோபி விமான நிலையத்தில் மிஸ்டர் ரங்கராஜன் என்று கூப்பிட்டபோது, சேஷு ஒரு நிமிஷம் காலமான தன் அப்பாவைத் தேடிப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

இரண்டு வேன்கள். மேற்கூரையைத் தூக்கிவிட்டு நின்று பார்க்கலாம். சேஷு பழக்கதோஷத்தில் முன்னால் ஏறிப் பின்பக்கம் திரும்பி உட்காரப் போனார். டிரைவர் கமாவ் ஆறடி உயரம், மெல்லிய குரல். இந்த வண்டியில் எல்லோரும் முன்னால்தான் பார்க்க வேண்டும், பின்னால் பார்ப்பது என் வேலை என்று கண்ணாடியைத் தட்டிக் காட்டினான். சேஷு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டாலும் அவருக்குத் தெரியாது. அரை மணி நேரம் சங்கடமாக இருந்தது. அப்புறம் ஒரு ஒட்டகச்சிவிங்கி முள்மரத்துக்கு மேலே தலையை நீட்டி அவரைப் பார்த்தது. அதற்குப் பிறகு சங்கடம் இல்லை.

மூன்றாவது நாள் ஆற்றங்கரையில் மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். எதிர்க்கரையில் மாடுகள் புழுதி பறக்க வந்து நிற்பதும், தண்ணீரைப் பார்ப்பதும், திரும்பிப் போவதுமாக இருந்தன. பசிக்கிறது என்று ஒருவர் முனகினார். விடுதிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாமே என்றார் இன்னொருவர். கமாவ் தலையசைத்தான். சுபாஷிணி கூரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திடீரென்று ஒரே ஒரு மாடு சரிவில் இறங்கிக் குதித்தது. அதன் பின்னால் கரையே பெயர்ந்து விழுகிற மாதிரி எல்லாம் குதித்தன. தண்ணீர் தெரியவில்லை, கொம்பும் முதுகும்தான். ஒரு கன்றுக்குப் பக்கத்தில் முதலை ஒன்று வாயைத் திறந்தது. கன்று எப்படியோ ஒரு பெரிய மாட்டின் மேல் கால் வைத்து ஏறி இந்தக் கரைக்கு வந்து விழுந்து எழுந்து ஓடியது. சுபாஷிணி அழுதுகொண்டிருந்தாள். சேஷுவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், புழுதி என்று சொல்லிக்கொண்டு.

எல்லாம் அடங்கின பிறகு வத்சலா அவர் காதருகே குனிந்தாள்.

"ஏன்னா, அந்த ஆம்லெட் எப்படி இருந்தது?"

சேஷு கொஞ்சம் யோசித்தார். "ரொம்ப நன்னா இருந்தது."

ஜூனிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு அத்தனையும் அவளுக்கு அங்கே வந்தது. பக்கத்து வேனில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டெல்லியில் இறங்கினதும் சேஷு தானாகவே சுகாதார அதிகாரியின் மேஜைக்குப் போய், தன்னிடம் சான்றிதழ் இல்லை, எங்கே உட்கார வேண்டும் என்று கேட்டார். தினமும் கெஞ்சலும் சண்டையும் பார்த்துப் பழகின அதிகாரி, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வழி காட்டினார்.

பக்கத்துக் கட்டிலில் குர்மீத் சிங் என்று ஒரு கரோல் பாக் வியாபாரி. உகாண்டாவுக்குத் தண்ணீர் பம்பு விற்கப் போனவர், சான்றிதழை எங்கேயோ தொலைத்துவிட்டார். தெரிந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் போன் செய்து கத்தி, யாரும் உதவாமல், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மறுநாள் மத்தியானம் தட்சிணாமூர்த்தி வாசலில் கொண்டுவந்து கொடுத்த டிபன் கேரியரைத் திறந்து, சேஷு புளியோதரையில் பாதியை அவருக்கு எடுத்து வைத்தார். சர்தார் முகர்ந்து பார்த்தார், சாப்பிட்டார், இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அதற்கடுத்த நாளிலிருந்து கேரியரில் ஒரு அடுக்கு கூடிற்று.

ஒன்றும் செய்ய வேண்டியிராத ஆறு நாள். சேஷு பகலில் தூங்கினார், விமானம் ஏறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தார், சர்தாரிடம் சீட்டு விளையாடித் தோற்றார், கொஞ்சம் பஞ்சாபி கற்றுக்கொண்டார். காய்ச்சல் வரவில்லை. ஐந்தாம் நாள் பேச்சுவாக்கில் குர்மீத், தன் அம்மாவுக்கு எண்பது வயசு, சாவதற்குள் ராமேஸ்வரம் கடலைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்கிறாள், யாரோடு அனுப்புவது என்றுதான் தெரியவில்லை என்றார்.

டிசம்பரில் சேஷு ராமேஸ்வரத்துக்கு ஒரு கூட்டம் சேர்த்தபோது குர்மீத் வீட்டிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். தட்சிணாமூர்த்தி ஒரு வேளைக்குப் பராட்டா போடப் பழகியிருந்தார். கிழவி அக்னி தீர்த்தத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, சேஷுவின் கையைப் பிடித்துக்கொண்டு, அலை வரும்போதெல்லாம் பஞ்சாபியில் மூச்சு விடாமல் ஏதோ சொன்னாள். ஆறு நாளில் கற்றது அதற்குப் போதவில்லை. அவர் எல்லாவற்றுக்கும் ஹாஞ்ஜி, ஹாஞ்ஜி என்று ஆமாம் போட்டுக்கொண்டு, வேட்டி நனைய அவளோடு கூட நின்றார்.