அக்காவின் திரை அணையும் வரை

எங்கள் வேனுக்கு ஒரு சட்டம் உண்டு. காலையில் ஏற்றி வந்த எல்லாரும் மாலையில் ஏறினால்தான் அது நகரும். ரப்பர் எஸ்டேட்டை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பிலிருந்து ஜெலாப்பாங் தொழிற்பேட்டைக்குப் போய்வருகிற ஒன்பது பேர் நாங்கள். எல்லாருக்கும் ஒரே கையுறைத் தொழிற்சாலைதான். எட்டுப் பேருக்குக் கணக்கு, ஆர்டர், ஸ்டோர் என்று மேசை வேலை. நான் அவர்களுடைய கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். எஸ்டேட்டில் காலைப் பெரட்டுக்கு ஆள் எண்ணுவதுபோல வேன் அண்ணன் தினமும் தலை எண்ணுவார். எட்டோடு எண்ணிக்கை நின்றுபோனால், குறைகிற தலை யாருடையது என்று கேட்கவே வேண்டாம். ஸ்டோர் அக்காவுடையதுதான்.

வேலை முடியாமல் அக்கா தாமதிக்கவில்லை. ஐந்து மணிக்கே மேசையைத் துடைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு 'சைன் அவுட்'டை அமுக்கிவிடுவார். கூத்து அதற்குப் பிறகுதான். நீலத் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். நாங்கள் கீழே வேனில் வெந்துகொண்டிருப்போம். மேலே அது பாட்டுக்குச் சுற்றும்.

அப்படியே விட்டுவிட்டு வர வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஆபீஸில் அவரவர் முன்னால் இருப்பது திரையும் கீபோர்டும் மட்டுமே. உண்மையான கம்ப்யூட்டர் ஈப்போ தலைமை அலுவலகத்தில் இருக்கிற சர்வர்தான். மாலையில் வெளியேறும்போது ஒவ்வொருவருடைய கோப்பு முதலிய சாமான்களையும் மூட்டை கட்டி ஓரிடத்தில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் சர்வர் ஆளை விடும். சிலர் வெளியேறாமலே சுவரில் சுவிட்சைத் தட்டிவிட்டு ஓடுவார்கள். அவர்கள் திறந்து வைத்த கோப்பு மறுநாள் காலையில் மற்றவர்களுக்குத் திறக்காது, பூட்டிக்கொள்ளும். வசவு மட்டும் எனக்கு வரும். கடுப்பாகி, 'திரை அணையும் வரை எழுந்து போகாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். எல்லாரும் படித்தார்கள். கடைப்பிடித்தது அக்கா ஒருவர்தான்.

"நீங்க கெளம்புங்கக்கா, நான் பாத்துக்கிறேன்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"எழுதி ஒட்டினது நீதானே மா" என்றார்.

ஒரு வியாழக்கிழமை வேன் அண்ணனின் பொறுமை தீர்ந்தது. எங்களை இறக்கிவிட்டு அவர் ட்யூஷன் பிள்ளைகளை ஏற்றப் போக வேண்டும்.

"தங்கச்சி, பிள்ளைங்க ரோட்டோரமா நிக்குதுங்க. அம்மாமாருக்கு என்னால பதில் சொல்ல முடியலலா" என்று என்னிடம் சொன்னார். "திங்கக்கெழமையில இருந்து அஞ்சரைக்கு வண்டிய எடுத்துருவேன். யாரு வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

அவர் பின்னால் திரும்பவே இல்லை. பின் சீட்டில் அக்கா இருந்தார்.

"சரி தம்பி" என்றார் அக்கா. "அப்ப நான் வேலைய விட்டுர்றேன்."

கடையில் டீ வேண்டாம் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் அவர் சும்மா சொல்லவில்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். எங்கள் தாமானுக்கு பஸ் கிடையாது. அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கணவர் தவறிய பிறகு வந்து கூட்டிப் போகவும் வீட்டில் ஆளில்லை. திரை அணையாமல் எழுந்து வரவும் மாட்டார். வேன் இல்லையென்றால் வேலை இல்லை. என் கையில் வெள்ளிக்கிழமை ஒன்றுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் வேனில் வருகிற அத்தனை பேரும் கம்ப்யூட்டர் நிபுணர்களாகிவிட்டார்கள். "ஆன்டிவைரஸ்தான் மச்சான், சந்தேகமே இல்ல" என்று கணக்குப் பிரிவில் ஒருவன் இன்னொருவனிடம் அடித்துச் சொன்னான். ஆர்டர் பிரிவுப் பெண் எல்லாவற்றையும் அணைத்துப் போடச் சொன்னாள். வேன் அண்ணன்கூட மேலே வந்து, வயர் லூஸாக இருக்கிறதா என்று மேசைக்கடியில் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

நானும் சும்மா இருக்கவில்லை. அக்காவின் லாகின் கணக்கில் தேவையில்லாமல் தொங்கிய பிரிண்டர்களைக் கழற்றினேன். அதில் ஒன்று லூமுட் கிடங்கில் எப்போதோ உயிரை விட்டது. பலனில்லை. ஆன்டிவைரஸையும் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தேன், வட்டம் அசரவில்லை. அதே சர்வரில் வேலை செய்கிற தெலுக் இந்தான் ஆபீஸ்காரர்கள் கண்மூடித் திறப்பதற்குள் வெளியேறினார்கள். ஆக, சர்வர்மேல் பழி போட வழியில்லை. மூட்டைதான் பெரிதோ என்று பார்த்தால், அக்காவின் மூட்டை என்னுடையதைவிடச் சின்னது. அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன்.

கடைசியில் அக்காவை வெளியேறச் சொல்லிவிட்டு, சர்வர் அப்படி எதைத்தான் மூட்டை கட்டுகிறது என்று என் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன். படம், படம், படம். எல்லாம் பொடிப்பொடிப் படங்கள், ஆயிரக்கணக்கில். ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிவைக்க ஒரு நிமிடம் போதும். சர்வரோ அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தது.

அக்காவை மறுபடி உள்ளே வரச் சொல்லி அந்தப் படங்கள் இருந்த இடத்தைத் திறந்தேன். பிள்ளையார், முருகன், அம்மன், குத்துவிளக்கு, தாமரைக்குள் லட்சுமி. ஒவ்வொன்றின் கீழும் 'இனிய காலை வணக்கம்'. எல்லாம் எங்கள் வேன் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தவை. அந்தந்தக் கிழமைக்கான சாமியை வேன் அண்ணன் தவறாமல் அனுப்புவார், அதுவும் மூன்று மூன்றாக. வேறெங்கோ வந்ததை நான் யோசிக்காமல் குரூப்புக்குத் தள்ளிவிட்ட படங்களும் அதில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"என்னக்கா இது?"

"ஃபோன் நெறஞ்சு போச்சுன்னு காட்டுச்சு மா. அதான் குரூப்ப இங்க தெறந்து, ஒண்ணு விடாம இங்க எறக்கி வச்சேன். சர்வர்ல எடம் கடல் மாதிரி இருக்குன்னு நீதானே சொன்ன?"

சொல்லியிருப்பேன். பெருமை பேசுவதில் நான் குறை வைத்ததில்லை.

"அழிச்சிருக்கலாமேக்கா."

"அழிச்சா எங்க போகும்?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினார். அங்கே குப்பைக்கூடைப் படம் இருந்தது.

"முருகனைக் குப்பையில போடச் சொல்றியா மா?"

கிழிந்த சாமி காலண்டரை நானே குப்பையில் போட்டது கிடையாது.

"வீட்டுல பழைய சாமி படத்தையெல்லாம் என்னக்கா செய்வீங்க?"

"கோயில் அரசமரத்தடியில கொண்டுபோய் வைப்பேன்."

அவருடைய மூட்டைக்கு வெளியே, எல்லாருக்கும் பொதுவான சேமிப்பிடத்தில் ஒரு ஃபோல்டர் திறந்தேன். 'அரசமரத்தடி' என்று பெயர் வைத்தேன்.

"சுத்தமான எடந்தானா?" என்று அக்கா விசாரித்தார்.

"செருப்பு போட்டுக்கிட்டு யாரும் வரமாட்டாங்கக்கா."

சிரித்துவிட்டார். அத்தனை சாமிகளையும் அங்கே குடியேற்றியபின் அக்கா சைன் அவுட்டை அமுக்கினார். வட்டம் தலையைக் காட்டிவிட்டு மறைந்தது, திரையும் அணைந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை.

"போயிருச்சா மா?"

"போயிருச்சுக்கா."

அன்று வேனில் முதலில் ஏறியது அக்கா. அண்ணன் தலையை இரண்டு தரம் எண்ணினார்.

அக்கா அவருடைய சந்தியில் இறங்கியதும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். யாரைக் கரித்துக் கொட்டினோமோ, அவரைக் கட்டிப்போட்டு வைத்திருந்தது நாம் அனுப்பிய வணக்கங்கள்தான் என்றேன். அண்ணன் ரேடியோவை அணைத்தார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் குரூப்பில் ஒரு படமும் வரவில்லை. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாகவே நின்றுபோனது. அக்காவுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை வேன் அக்காவின் சந்திக்கு வந்தது. மற்ற நாட்களில் ஹாரன் அடித்த பிறகுதான் வீட்டிலிருந்து வருவார். அன்று ரோட்டோரமாகவே நின்றிருந்தார். முன்னாலேயே வந்து நின்றிருக்க வேண்டும், புடவையின் கரையெல்லாம் புல்லின் ஈரம். ஏறி உட்கார்ந்தவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ரெண்டு நாளா ஒரு வணக்கங்கூட வரலலா" என்றார். "என்னைய வேன்ல இருந்து எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன். எதுக்கும் நின்னு பாப்போம்னுதான் வந்தேன்."

நான் நகர்ந்து அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அவரு போனப்புறம், காலையில எனக்கு நல்லா இருக்கியான்னு கேக்கிறது அந்தச் சத்தந்தான் மா" என்று என்னிடம் மட்டும் தணிவாகச் சொன்னார்.

அண்ணன் கியரைப் போடாமல் ஃபோனை எடுத்து எதையோ தேடினார். வேனுக்குள் எல்லாருடைய ஃபோனும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தது. திங்கட்கிழமைக்கு உரிய சிவன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை நிதானமாகப் பார்த்தார்.

"போலாம் தம்பி" என்றார்.

வண்டி நகர்ந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, என் ஃபோனில் இருந்ததிலேயே பெரிய படமாக ஒன்றைத் தேடி எடுத்து அனுப்பினேன். மதியத்துக்குள் அக்கா கையால் அது என் சர்வரில், அரசமரத்தடியில் வந்து உட்காரும் என்று எனக்குத் தெரியும். உட்காரட்டும்.